நாலடிக் கடல்

என் மனைவி ஜாஸ்மினுக்கு என்னிடம் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. தெரியாத விஷயத்தைக்கூடத் தெரிந்த மாதிரி பேசுவேன். "டில்லிபாபுவுக்குத் தெரியாதது ஒண்ணு உலகத்துல கீதா?" என்று தன் அண்ணனிடமே கிண்டல் செய்வாள். அதனால் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று நானும் திமிராகத்தான் இருந்தேன். மீன் தொட்டி வைக்கும் வரைக்கும்.

சாதாரண மீன் தொட்டி இல்லை, உப்புத் தண்ணீர்த் தொட்டி. தங்க மீனெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எனக்குக் கடல் மீன்தான் வேண்டும் என்று ஆசை. பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி ஆட்களுக்கென்றே வரிசையாகக் கட்டிவிட்ட, ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீட்டுக்குள் கடலைக் கொண்டுவரப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

கொளத்தூரில் மீன் கடைக்காரர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலக்க வேண்டும், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும், பாறைகளைப் போட்டு ஒரு மாதம் மீனே இல்லாமல் மோட்டாரை ஓடவிட வேண்டும். தண்ணீரில் நல்ல கிருமி வளர்ந்த பிறகுதான் மீன். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன், ஒன்றைத் தவிர. "தொட்டி ஒட்டறதுக்குன்னே சிலிகான் கீது சார், வேற எதையும் போட்ராதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரகடத்தில் கார் கம்பெனியில், கார்கள் நகர்ந்து வருகிற வரிசையில் முன்கண்ணாடி ஒட்டுகிற ஸ்டேஷனில் ஆறு வருஷமாக நிற்கிறவன் நான். மனிதர் கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார்.

"நூத்தி இருபதுல போற காருக்கே கண்ணாடி அசையாது. சும்மா நிக்கிற தண்ணி இன்னா பண்ணிடும்?" என்று ஜாஸ்மினிடம் சொன்னேன்.

"இன்னாவோ பண்ணு. கொழந்த கிட்ட போவக்கூடாது, அவ்ளோதான்."

கார் கண்ணாடிக்குப் போடுகிற அதே கறுப்புப் பசையைத் தண்டலத்தில் வாங்கி வந்து நானே ஒட்டினேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரும்பு ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு அடித்து அதன்மேல் ஏற்றினேன். ஸ்டாண்டின் அடிப்பகுதி வெறிச்சென்று இருக்கிறது என்று ஜாஸ்மின் பழைய புடவையைக் கிழித்துத் திரை கட்டினாள். மூன்றரை வயது மகள் அறிவுமதிக்கு அந்தத் திரைக்குப் பின்னால் இருந்த இடம் தனி வூடு ஆகிவிட்டது. எத்தனை முறை இழுத்து வெளியே விட்டாலும் சொப்புச் சாமான்களோடு திரும்பவும் உள்ளே போய்விடுவாள்.

ஒரு மாதம் வெறும் தண்ணீரும் பாறையும்தான். வீட்டுக்கார அம்மா முனியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, கல்லு வளக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. மதி அன்றைக்குச் சோறு தின்னவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டே தூங்கினாள். நான் தலைகால் புரியாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை, எனக்கு வாரவிடுமுறை. ஜாஸ்மினுக்கு முதல் ஷிஃப்ட். ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை; போனைத் தயாரிக்கிறவள் தன் போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் நானும் மதியும்தான். காலை பத்தரை இருக்கும், கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தோம். நான் சமையலறைக் கதவில் முகத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு சொல்லும்போது பின்னால் ஏதோ உரிகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். தொட்டியின் முன்கண்ணாடி வலது மூலையில் விலகியிருந்தது. கறுப்புப் பசை, பழைய ஸ்டிக்கர் மாதிரி கண்ணாடியை விட்டு உரிந்து வந்துகொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் தகடாகக் கொட்டியது. ஓடிப்போய் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினேன். போதவில்லை. தோளையும் தொடையையும் சேர்த்துக் கொடுத்தேன். தண்ணீர் கொஞ்சம் அடங்கியது. இருநூற்றைம்பது லிட்டர், அதாவது இருநூற்றைம்பது கிலோ, என் உடம்பைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

அடிக்கண்ணாடியை நாலு பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துத்தான் ஒட்டியிருந்தேன். கீழே பலகை கிடையாது, குறுக்கே ஒரே ஒரு இரும்புப் பட்டைதான். முன்கண்ணாடி போனால் அடிக்கண்ணாடியும் அதன்மேல் இருக்கிற பாறைகளும் அவள் தலைமேல்தான் இறங்கும்.

"மதி, வெளிய வாம்மா."

"நான் இங்க இல்ல!"

"கண்ணு, ஆட்டம் முடிஞ்சிச்சி. வெளிய வா."

"முடியல. நீ பத்து சொல்லவே இல்ல."

கத்தினேன். "வெளிய வாடி!" என்று தெருவே அதிரும்படி கத்தினேன். தெருவில் யார் இருக்கிறார்கள்? பாதிப் பேர் ஷிஃப்டில் இருந்தார்கள். பக்கத்து போர்ஷனில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த பையன்கள் கூலரைப் போட்டுக்கொண்டு செத்த மாதிரி தூங்குவார்கள். என் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் கத்தியதில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: மதி இன்னும் உள்ளே, சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

மூலையில் இன்னும் ஒரு விரற்கடை உரிந்தது. உரிந்த இடத்தில் கண்ணாடி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பசை கண்ணாடியில் ஒட்டவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் என் ஸ்டேஷனுக்கு வரும்போதே கண்ணாடியின் ஓரத்தில் பிரைமர் என்கிற பூச்சு பூசியிருக்கும். அதைப் பூசுவது எனக்கு முந்தைய ஸ்டேஷனில் நிற்கிற முனிரத்தினம். அது இருந்தால்தான் பசை பிடிக்கும். ஆறு வருஷமாக அவன் பூசி அனுப்பிய கண்ணாடியில் பசை போட்டுவிட்டு, கண்ணாடி ஒட்டத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரு ஸ்டேஷன் வேலை மட்டும்தான்.

"மதி, கண்டுபுடிச்சிட்டேன். நீ மீனுக்குக் கீழ கீற. வந்துடு."

"தொட்டாத்தான் அவுட்டு."

கை எங்கே இருக்கிறது தொடுவதற்கு? இடது காலைத் தூக்கித் திரைக்குள் விட்டுத் துழாவினேன். கால் கட்டைவிரல் அவள் பாவாடையில் பட்டது.

"தொட்டுட்டேன்! அவுட்டு!"

"கால்லலாம் தொடக்கூடாது. போங்காட்டம்!"

வழுக்கியது. காலைக் கீழே ஊன்றினேன். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. மாதாவே, முனீஸ்வரா, யாராவது வாங்களேன் என்று வாய்விட்டே சொன்னேன். ஜாஸ்மின் கும்பிடுகிற சாமி, எங்கம்மா கும்பிடுகிற சாமி இரண்டையும் ஒன்றாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதற்கப்புறம் பெரிய மனுஷன் மாதிரி பேச என்னால் முடியவில்லை.

"மதி, அப்பாவுக்கு பயமா கீதும்மா."

உள்ளே சொப்புச் சத்தம் நின்றது.

"அழுவுறியா?"

"ஆமா."

"பூச்சாண்டியா?"

"ஆமாம்மா. பூச்சாண்டிதான்."

திரை அசைந்தது. மதி தவழ்ந்து வெளியே வந்தாள். வந்தவள் நேராக என் காலைக் கட்டிக்கொண்டாள். "நான் கீறேன்ல, பயப்படாத" என்றாள். அவள் தலைக்கு மேலே அந்தக் கண்ணாடி. உள்ளே இருந்தால் அடிக்கண்ணாடி விழும், இப்போது முன்கண்ணாடியே நேராக விழும். ஓடு என்று சொன்னால் ஓடமாட்டாள். பயந்துபோன அப்பாவை விட்டுவிட்டு எப்படி ஓடுவாள்? இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகப் பேசப் பார்த்தேன். "பூச்சாண்டி வெளியதான் நிக்கிது மதி. வாசலுக்குப் போயி, வருதான்னு பாத்துச் சொல்றியா? நீ அங்க நின்னாத்தான் அது உள்ள வராது."

என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காலை விட்டாள். தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து, வாசலைத் தாண்டி வெளிப்படியில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துத் தெருவைப் பார்த்தாள்.

"யாரும் வரலப்பா!"

நான் விட்டேன். விட்டேன் என்று சொல்வது பெருமைக்கு. அது என்னைத் தள்ளிவிட்டது. கண்ணாடியும் தண்ணீரும் பாறையும் என்மேல் வந்து விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து போர்ஷன் பையன்கள்கூட எழுந்து ஓடி வந்தார்கள். முழங்கை கிழிந்திருந்தது. மதி மீனைப் பார்த்து உள்ளே ஓடி வரப் பார்த்தாள். ஒரு பையன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டான். நான் அந்தக் கண்ணாடித் தூளிலேயே உட்கார்ந்து, அவள் கால் தரையில் படாமல் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு ஜாஸ்மின் வந்தாள். அதற்குள் கையில் ஆறு தையல் போட்டுக்கொண்டு வந்து, வீட்டைக் கழுவித் துடைத்து, செத்துப்போன மீன்களைப் புதைத்திருந்தேன். ஸ்டாண்டு மட்டும் திரையோடு நின்றது.

"தொட்டி ஒடஞ்சிட்டுது. யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றேன்.

"கொழந்த எங்க இருந்தா?"

"வாசல்ல."

"இல்லம்மா" என்றாள் மதி. "நான் ஒளிஞ்சிகினு இருந்தேன். எங்கன்னு காட்டட்டா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் திரையை விலக்கி உள்ளே புகுந்துவிட்டாள். "இங்கதாம்மா!" என்று குரல் மட்டும் வந்தது.

ஸ்டாண்டின் மேல் ஒன்றுமில்லை. தொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, பின்னால் சுவர் தெரிந்தது. ஆனாலும் நான் பாய்ந்துபோய் அதன் முன்னால் நின்றேன். இரண்டு கைகளும் மேலே போய், தோளும் தொடையும் முன்னுக்கு வந்து, வெறும் காற்றை அழுத்தின.

ஜாஸ்மின் என் கைகளைப் பார்த்தாள். மெல்ல முட்டி போட்டு, திரைக்குள் கையை விட்டு, மதியை இழுத்து மடியில் போட்டு மூடிக்கொண்டாள்.

"வந்துட்டா. கைய எறக்கு" என்றாள்.

என்னால் இறக்க முடியவில்லை.