எனிஃபா மாற்றிக்கொண்ட தூக்கம்

லிம்பே நகரில் எங்கள் பேக்கரியில் எனிஃபா பதினோரு வருடமாக இரவு ஷிப்டில் இருந்தாள். ரொட்டித் தட்டுகளை அடுப்பில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் படுப்பாள். அதே ஷிப்டில் மாவு பிசையும் இயந்திரத்தில் நான் நின்றதால் அவள் கதை எனக்குத் தெரியும்.

ஸ்டோர் குமாஸ்தா இடம் காலியாகப் போகிறது என்றார்கள். பகல் வேலை. பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டும். பதினெட்டு வயதில், வயிற்றில் பிள்ளையோடு படிப்பை விட்டவள் அவள். மாலை வகுப்பில் சேர்ந்து மற்றப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டாள். கணக்கு மட்டும் பாக்கி. போன வருடம் வினாத்தாளின் மேலேயே தூங்கிவிட்டாள்.

“உங்களுக்குக் கணக்கு நல்லா வருதும்மா. காலைல எட்டு மணிக்கு, பரீட்சை நேரத்துலதான் வர மாட்டேங்குது” என்றார் அவளுடைய ஆசிரியர் மசாங்க்வி. “அந்நேரம் உங்க மூளை போர்த்திக்கிட்டுப் படுத்துடுது. மூணு வாரமாவது ராத்திரியில தூங்கிப் பழகுங்க.”

மூன்று வாரம் பகல் வேலை தரும்படி மேலாளரிடம் கேட்டாள். “அடுப்புக்கிட்ட ஒரு ஆள் நிக்கணும். யாருன்னு நீயே பாத்துக்க” என்றார்.

பகலில் ரொட்டிக்கு உறை போடும் ஃபலேசி ஷிப்ட் மாற்றிக்கொள்ள உடனே ஒப்புக்கொண்டாள். “மூணு வாரம்தானேடி? குமாஸ்தா ஆனதும் எனக்கு நாற்காலி போட்டு டீ குடுக்கணும்.”

“டீயா? தூக்கம் கெடும்னு வாத்தியார் என்னையே நிறுத்தச் சொல்லிட்டாரு!”

முதல் வாரம் எனிஃபா கூரைத் தகரத்தைப் பார்த்தபடியே விடிய விடியக் கிடந்தாள். சின்ன மகள் அவளைத் தொட்டுப் பார்த்து, “நீ ராத்திரியில இங்க இருக்கிறது பயமா இருக்கும்மா” என்றாளாம். இரண்டாம் வாரம் அதிகாலை வெயிலில் நடந்தாள். மத்தியானம் கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் செவ்வாய் இரவு பத்து மணிக்குத் தூங்கி, ஐந்து மணிக்குத் தானாகவே விழித்தாள். வேலைக்குக் கிளம்பும் முன், எட்டு மணிக்குப் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்த்தால் இரண்டு கணக்குதான் தப்பு.

“தலைக்குள்ள யாரோ ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி இருக்குண்ணே” என்றாள் அன்று ஷிப்ட் மாறும்போது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஃபலேசிக்கோ பகலில் தூக்கமே வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை, பக்கத்தில் மாவு மில். இரவில் அடுப்பருகே நின்றபடியே தூங்குவாள்.

“கொஞ்சம் உக்காரும்மா” என்றேன்.

“உக்காந்தா எழுந்திருக்க மாட்டேண்ணே.”

வியாழன் விடியும் முன், தட்டை இழுக்கும்போது தள்ளாடினாள். விழாமல் இருக்க வலது கையை அடுப்புக் கதவில் ஊன்றிவிட்டாள். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பரீட்சை திங்கட்கிழமை. வியாழன் இரவே எனிஃபாவை அடுப்புக்கு வரச் சொன்னார் மேலாளர். நான் நாலு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எனிஃபாதான் தடுத்தாள்: “விடுண்ணே. என் இடத்துலதான் அவ கை வெந்துச்சு. நான்தான் நிக்கணும்.”

நாலு ராத்திரியில் மூன்று வாரமும் கரைந்துபோயிற்று. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, குழாயில் முகம் கழுவி, நேரே பரீட்சைக்குப் போனாள். இரண்டு கணக்கு போட்டாள். பிறகு கண்காணிப்பாளர் மூன்று முறை தட்டி எழுப்பினாராம்.

“கேள்வி தெரிஞ்சுது. விடையும் தெரிஞ்சுது. நடுவுல நான் இல்லண்ணே” என்றாள்.

முடிவு வந்தது. தோல்வி. குமாஸ்தா இடத்துக்கு வெளியாள் ஒருவன் வந்தான். ஃபலேசியின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டதால் பேக்கரி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. சந்தையில் தக்காளி விற்கிறாள்.

அவளிடம் சொல்லப் போகும்போது எனிஃபா என்னையும் கூட்டிப் போனாள். ஃபலேசி இடது கையால் தக்காளியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாஸா?”

“இல்லடி.”

ஃபலேசி கையிலிருந்த தக்காளியைக் குவியலின் மேல் வைத்தாள். “அடுத்த வருஷம் எழுதேன்” என்றாள்.

“யாரு வந்து என்கூட ஷிப்ட் மாத்திக்குவா?”

மணி நாலாகிவிட்டது. ஷிப்டுக்கு முன் இரண்டு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று எனிஃபா கிளம்பிவிட்டாள்.