கப்பலில் இருந்த சமையல்காரி

என் வீட்டுக்காரர் திருமலைசாமிக்குப் பார்த்ததையே மறுபடி பார்ப்பது பிடிக்காது. போத்தனூர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தார். இங்கிலீஷ் நன்றாக வரும். தொண்ணூற்றொன்றில் ஒரு விண்வெளிக் கப்பல் படத்தின் மூன்றாம் பாகம் கிணத்துக்கடவுக்கு வந்தது. முதல் இரண்டு பாகங்கள் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அதனால் தியேட்டர்காரர் ஆறுச்சாமி, படம் போடுவதற்கு முன் மைக்கில் முன்கதை சொல்லச் சொல்லி இவரைக் கேட்டுக்கொண்டார்.

இவர் மூன்று பாகங்களையும் கோயமுத்தூரிலேயே பார்த்துச் சலித்துப்போயிருந்தார். செத்த வில்லன் பிழைத்து வருகிறான், உடைந்த கப்பலைத் திரும்பக் கட்டுகிறார்கள், அதே சண்டை. அந்த எரிச்சலோடு மைக்கைப் பிடித்தவர், எந்தப் பாகத்திலும் இல்லாத ஒரு சமையல்காரியைக் கப்பலில் ஏற்றிவிட்டார். ரசத்துக்குப் பெருங்காயம் இல்லையென்று பாதி வானத்தில் கப்பலைத் திருப்பச் சொன்னவளாம். தியேட்டரே சிரித்தது. முந்தின மாதம் ஒத்தக்கால்மண்டபம் தாண்டி மொபெட்டைத் திருப்பச் சொன்னவள் நான்தான். பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நான்காம் பாகத்துக்கு அவளைக் கேட்டே கூட்டம் வந்தது. இவரும் சொன்னார். ஐந்தாம் பாகம் வந்ததும் மாட்டேன் என்றுவிட்டார். படம் எடுக்கிறவனைத் திட்டிவிட்டுத் தானும் அரைத்த மாவையே அரைப்பதா என்று கேட்டார். புதிதாக ஒரு ரேடியோக்காரனை யோசித்து வைத்திருந்தார். உங்க இஷ்டமுங்க என்றேன். இரண்டு நாள் ரசம் வைக்கவில்லை.

அன்று மேட்னியில் ரேடியோக்காரன் கதையைச் சொல்லி முடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்.

"ஏனுங்க, அந்தச் சமையக்கார அம்மணி எங்கீங்க?"

இவர் என்னைத் தேடிப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சமைச்சுச் சமைச்சு அவங்களுக்குச் சலிச்சுப்போச்சுங்க" என்றார். "இப்பத் தனியா ஒரு சின்னக் கப்பல் ஓட்டறாங்க. படத்துல காட்ட மாட்டாங்க. ஆனா பின்னாடியே போயிட்டிருப்பாங்க."

விசில் பறந்தது. படம் முழுக்க, திரையில் ஏதாவது வெளிச்சம் நகர்ந்தால் போதும், "அதா, அம்மணி போறாங்க" என்று யாராவது சொன்னார்கள். வெளியே வந்ததும் இவர் மொபெட் சாவியை என்னிடம் நீட்டினார்.

"சொல்லிப்போட்டேன். ஓட்டிக் காட்டுங்க அம்மணி."

ஒரு வாரத்தில் ஓட்டப் பழகினேன். இரண்டு முறை வேலியில் விட்டேன்.

தொண்ணூற்றேழில் இவர் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆறாம் பாகம் வந்தது. முன்கதை சொல்ல ஆளில்லை. மூன்றாம் பாகத்துக் கதாநாயகனையே தலைக்குச் சாயம் பூசிக் கூட்டி வந்திருந்தார்கள். இவர் இருந்திருந்தால் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்திருப்பார். எனக்கு அந்தப் பழைய கதாநாயகன் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாதிப் படத்தில் திரையின் மூலையில் சின்னதாக ஒரு வெளிச்சம் நகர்ந்தது.

"அதா, போறாங்க" என்றது பின்வரிசை.

படம் முடிந்து வெளியே வந்து மொபெட்டை எடுத்தேன். வழியில் கடையில் நிறுத்திப் பெருங்காயம் வாங்கிக்கொண்டேன்.