இருபத்தெட்டு நிமிடத்து நெல்

வைரக்கண்ணு எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா இசைக்கோவையை முதல் தடவை வாசித்தது 1970ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை பக்கத்து வயலில் நட்ட நாற்று, வாசித்து முடிப்பதற்குள், இருபத்தொரே நிமிடத்தில் தூர் கட்டி, கதிர் விட்டு, பழுத்துச் சாய்ந்தது. அறுத்துத் தூற்றிப் பார்த்தால் அவ்வளவும் பதர்.

வைரக்கண்ணு வலங்கைமானுக்குக் கிழக்கே, பண்ணைவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்து பேண்டில் பதினாறு வருடம் கிளாரினெட் ஊதி, மேல்நாட்டு இசையை எழுதப் படிக்கக் கற்று, ஊர் திரும்பி, கல்யாண ஊர்வலங்களுக்கு ஒரு பேண்டு செட் நடத்திவந்தார். இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் எழுதிய முறைப்படி, நான்கு பகுதிகளாக, முப்பது பேர் சேர்ந்து வாசிக்க ஒன்றை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஏழு வருடம் எழுதினார். ஊதுகிறவர்கள் அவர் செட்டிலேயே இருந்தார்கள். பிடில்காரர்கள் தஞ்சாவூர் மாதாகோயில்களிலிருந்து வந்தார்கள். பினாங்கு ஹோட்டலில் ஆளுயரப் பிடில் வாசித்துவிட்டு அதிராம்பட்டினம் திரும்பியிருந்த கலந்தர், அதை மீன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். முப்பது பேர் உட்கார ஊரில் வேறு இடம் கிடையாது என்பதால் நெற்களத்தில் வாசித்தார்கள். அதை ஒட்டித்தான் அந்த வயல்.

அது கூலிப் போராட்டம் நடந்த வருடம். அறுவடைக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் பஞ்சநதம் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த இருபத்தாறு குடும்பங்கள் வாய்க்காலில் நத்தையும் நண்டும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவர்கள் கையில் இருந்தது கோயில் குத்தகையான அந்த மூன்று மா நிலம் மட்டும், சுமார் ஒரு ஏக்கர். ஆகவே நெல் ஏன் இசைக்கு விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் பதராயிற்று என்றுதான் கேட்டார்கள்.

வைரக்கண்ணுவின் மனைவி அம்சம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். ஒரு கதிரை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“ரெண்டாவது பகுதியிலதாங்க பூ எடுத்துச்சு. அங்க போயி இப்படி அவசரப்பட்டா பால் எப்படிப் புடிக்கும்? உங்க கிளாரினெட்டு வேற விடாம பேசுது.”

அந்த இரண்டாவது பகுதி வைரக்கண்ணு தனக்காகவே எழுதிக்கொண்டது. பட்டாளத்தில் கிடைக்காத தனி வாசிப்பு. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் காகிதத்தை எடுத்து, நாலு நிமிடம் நீட்டினார். கிளாரினெட்டுக்கு எழுதியதில் மட்டும் கை வைக்கவில்லை. வயலில் நின்ற நெல்தாளை அறுத்து அப்புறப்படுத்தி, சம்பாவுக்கு விட்டிருந்த நாற்றைப் பறித்து மறுபடி நட்டு வாசித்தார்கள். இந்தத் தடவை பாதி மணி, பாதி பதர். அதிலும் மூன்றாவது பகுதியில் டிரம்பெட் போட்ட சத்தத்தில் முற்றிய மணியெல்லாம் சேற்றில் உதிர்ந்துபோனது.

அம்சம் சேற்றில் கிடந்ததைப் பொறுக்கினாள். அவள் குனிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்ற வைரக்கண்ணு வீட்டுக்குப் போய், டிரம்பெட்டைக் குறைத்து, இன்னும் மூன்று நிமிடம் நீட்டினார். தன் தனி வாசிப்பை முழுதாக அடித்துவிட்டு அந்த மெட்டைக் கலந்தரின் பிடிலுக்கு மாற்றினார்.

“உங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டார் கலந்தர்.

“கடைசியில ஒரு சுரம் இருக்கு பாய். நீட்டிப் புடிச்சா போதும்.”

மூன்றாவது தடவை புரட்டாசியில். அதற்குள் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். முதல் பகுதி முடியும்போது, பஞ்சநதம் ஒரு போலீஸ் வேனோடு வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் குறுக்கே போகலாம் என்று வயலில் கால் வைக்கப் போனார். அப்போது கலந்தரின் பிடில் அந்த மெட்டை எடுத்தது. மூன்று மாவும் ஒன்றாகப் பூத்தது. நாற்பது வருடம் பயிர் பார்த்த பஞ்சநதம், தன்னை அறியாமல் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தார்.

“இருங்க சார். பூ எடுத்திருக்கு. இப்ப வயல்ல இறங்கக் கூடாது.”

“யாரு வயலு இது?”

“யாரு வயலா இருந்தா என்ன? பால் புடிக்கட்டும்.”

போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பஞ்சநதம் உட்காரவில்லை. இருபத்தெட்டாவது நிமிடம் வைரக்கண்ணு தன் ஒரே சுரத்தை ஊதி முடித்தபோது, கதிர்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அம்சம் ஒரு கதிரை உருவி, கடித்துப் பார்த்துவிட்டு, அரிவாளை எடுத்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இருபத்தாறு வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் கூட்டத்தைக் கலைத்ததாக எழுதிக்கொண்டார். உண்மையிலேயே எல்லோரும் அறுப்புக்குக் கலைந்துவிட்டிருந்தார்கள்.

இருபது மூட்டை கண்டது. கஞ்சியாகக் குடித்ததில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பஞ்சநதம் அரைப்படிக்குச் சம்மதித்தார். பேச்சுவார்த்தையின் நடுவே, அந்தப் பிடில்காரர் எந்த ஊர் என்று மட்டும் ஒரு தடவை விசாரித்தார்.

ஒரு மாதத்தில் மூன்று போகம் கண்ட அந்த நிலத்தில் அதற்குப் பிறகு மூன்று வருடம் கோரைகூட முளைக்கவில்லை. அதிகாரிகள் வந்து மண்ணை எடுத்துப் போனார்கள், பதில் வரவில்லை. ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நிலம் தூங்குகிறது என்றார்கள். அந்த வரப்பில் போகிறவர்கள் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். கும்பகோணம் பஸ் அந்தத் திருப்பத்தில் ஹாரன் அடிக்காமல் போயிற்று.