சிங்கி இறாலுக்குச் சீஸ் கிடையாது

அன்று மதியமும் எங்கள் பாஸ்டன் சாப்பாட்டுக் கடையில் என் கணவர் நுன்சியோ ஒரு வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நின்றார். "சிங்கி இறால் பாஸ்தாவுக்குச் சீஸ் கேக்குறீங்களே, காப்பியில மீனைப் போட்டுக் குடிப்பீங்களா?" மாலையில் அடுப்பருகே சரிந்தவர் எழவில்லை.

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்றே, அவர் தம்பி ரோக்கோ எல்லா மேஜைகளிலும் சீஸ் கிண்ணம் வைத்தான்.

"அண்ணனோட பிடிவாதம் அவரோட போகட்டும், அண்ணி. இந்த இத்தாலியத் தெருவுல இப்ப யாருதான் குடுக்கல?"

"இறாலோட ருசிய சீஸ் அமுக்கிடும்டா. அது அவரு பிடிவாதம் மட்டுமில்ல, என்னோடதும்தான்."

கிண்ணங்களை அள்ளி உள்ளே வைத்துப் பூட்டினேன். ஒரு குடும்பம் முணுமுணுத்தபடி எழுந்து போனது.

"பாத்தீங்களா?"

"போகட்டும்."

ஜன்னலோரம் இருந்த, தினமும் வரும் கிழவர் போகவில்லை. தட்டில் மிஞ்சிய இறால் சாற்றை வழக்கம்போல ரொட்டியால் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.