மூன்று கடை தாண்டி

"இந்த ஜூமைப் போட்டீங்கன்னா மேடம், எதிர் மாடியில காக்கா கண் சிமிட்டுறதுகூடத் தெரியும்" என்று கேமராக் கடைக்காரர் ஒரு முழ நீள லென்ஸைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார்.

"வீட்டுல படுத்திருக்கறது காக்கா இல்ல தம்பி, என் வீட்டுக்காரர். கட்டிலுக்கும் பீரோவுக்கும் மூணே தப்படி. ஒரே ஜன்னல், அதுலயும் பன்னெண்டு மணிக்கு மேல வெளிச்சம் போயிடும். ஃபிளாஷ் அடிச்சா அவருக்குக் கண் கூசுது. இதுக்குத் தோதானதைக் காட்டுங்க."

கடைக்காரர் காக்காவை மறந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐம்பத்து நாலு வயதில் அவள் புகைப்பட வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் இரவல் கொடுத்த கேமராவுக்கு அந்த அறையின் வெளிச்சம் போதவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் கணவர் தண்ணீர் பட்ட மை மாதிரிக் கலங்கித்தான் விழுந்தார். செல்போனில் எடுத்தால், "மூக்கு மட்டும் முன்னாடி வந்து வியாபாரம் பேசுதே" என்று அவரே சிரித்தார். முப்பத்தைந்து வருஷம் இரும்புக்கடை. ஊரே அவரை ஆணிக்காரர் என்றுதான் கூப்பிட்டது. இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொன்னதைக்கூட, சரக்கு வராது என்று சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டார்.

காலையில் அவர்தான் கிளப்பிவிட்டார். "போய் வாங்கிட்டு வா. உன் கேமரா, உன் கை. கல்யாண வீட்டுல எவனோ எடுத்த படத்தை வெட்டி மாலை போட்டு மாட்டிடாத. அதுல என் தோள்ல இன்னொருத்தன் கை தொங்கும்."

"பேசாம படுங்க. போறேன்."

"சொன்ன விலைக்கு வாங்கிடாத. மூணு கடை தாண்டி நட. தானா கூப்பிடுவான்."

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஜூம் ஆகாதவை, குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்றவை. ஒன்று ஐம்பது எம்.எம்., மற்றது முப்பத்தைந்து. "முகத்துக்கு ஐம்பதுதான் மேடம் எல்லாரும் வாங்குவாங்க."

"நீங்க அந்த ஸ்டூல்ல உட்காருங்க" என்றாள். மூன்று தப்படி அளந்து பின்னால் போனாள். ஐம்பதில் கடைக்காரரின் முகம் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. முப்பத்தைந்தில் முகம், தோள், மடியில் கிடந்த கை எல்லாம் வந்தன.

"இதுதான். கையை விட்டுட்டு எங்க வீட்டுக்காரரை எடுக்க முடியாது. அவர் பாதிப் பேச்சு கையிலதான்."

லென்ஸ் புதுசு, கேமரா மட்டும் யாரோ வைத்திருந்த பழசு. மூலையில் கீறல் இருந்தாலும் படத்தில் விழாது என்று தானே சோதித்துத் தீர்மானித்தாள். பிறகு ஒரு விலை சொன்னாள். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "கட்டாது மேடம்."

அவள் பையை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். பூட்டுக்கடை, குடைக்கடை, மூன்றாவதாகக் கண்ணாடிக்கடை. அங்கே நின்று, வேண்டாத ஃபிரேம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேரம் செத்தது. பத்து நிமிடம் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

செல்போன்தான் கூப்பிட்டது. வீட்டிலிருந்து மருமகள்.

"அத்தை, எங்க இருக்கீங்க? மாமாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சீக்கிரம் வாங்க."

ஆட்டோக்கள் இடது பக்கம் நின்றன. அவள் வலது பக்கம், கேமராக் கடைக்கே ஓடினாள்.

"நீங்க சொன்ன விலையே வாங்கிக்குங்க. பேட்டரியில சார்ஜ் இருக்கா?"

"ஃபுல்லா இருக்கு மேடம். எப்படியும் திரும்பி வருவீங்கன்னு இவ்வளவு நேரம் வாசலையே பார்த்துட்டிருந்தேன்."

ஆட்டோவில் உட்கார்ந்து லென்ஸைப் பொருத்தினாள். சரியாக உட்கார்ந்ததும் டக் என்றது.

வாசலில் செருப்புகள் கூடியிருந்தன. மருமகள் எதிரே வந்தாள். "மாமா போயி பத்து நிமிஷம் ஆச்சு அத்தை."

கழுத்தில் தொங்கிய கேமராவைக் கொழுந்தனார் பார்த்தார். "அண்ணி, இந்த நேரத்துலயா கடைக்குப் போவாங்க?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். முகம் மழித்திருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, பையில் சீப்பு.

"நீங்க போனதுமே ஷேவ் பண்ணிவிடச் சொன்னாங்க அத்தை" என்றாள் மருமகள். "சட்டையும் மாமாதான் எடுக்கச் சொன்னது. 'அவ வந்ததும் எடுப்பா, ரெடியா இருக்கணும்'னாங்க."

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். "படத்துக்குக் கவலைப்படாதீங்க அண்ணி. என் கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருக்கு. பெரிசு பண்ணக் கொடுத்துடறேன்."

"அதுல அவர் தோள்ல உங்க கை இருக்கும்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஜன்னலை மறைக்கிறீங்க."

கொழுந்தனார் மட்டுமல்ல, அறையில் இருந்த எல்லோருமே நகர்ந்தார்கள். கட்டிலின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அவர் பையிலிருந்து சீப்பை எடுத்து முன்முடியை வாரிவிட்டாள். வலது கையைத் தூக்கி நெஞ்சின் மேல், விரல்கள் தெரியும்படி வைத்தாள்.

முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஒரு தப்படி. இரண்டு. மூன்றாவதில் முதுகு பீரோவில் முட்டியது.

உடனே அழுத்தவில்லை. அவர் கூப்பிடுவதற்கு வேண்டிய நேரம் கொடுத்தாள்.

பிறகு அழுத்தினாள்.