மச்சான் எழுதிய சிவப்பு வரி

கும்போ செத்துப்போன பிறகு அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கும்போதெல்லாம் சிமாங்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். ம்சூசு நகரத்துச் சின்ன வானொலி நிலையத்தில் கணினிகளைக் கட்டி மேய்த்தவர்கள் அவர்கள் இருவரும்தான். கும்போ அவனுக்கு மாமன் மகன், மச்சான் முறை. அந்த ஊரில் மச்சானை வாய்க்கு வந்தபடி வையலாம். சாவு வீட்டில்கூட வையலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கும்போ அந்தக் கேலியைச் சர்வருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருந்தான். கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் ஒவ்வொரு முறையும் முதலில் வந்து நிற்குமே பிராம்ப்ட், அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருந்தான். ஒலிபரப்பு ஓடும் பெரிய சர்வரில், ‘டேய் ஆட்டுத்திருடா, இது நெசமானது, கையப் பாத்து வை’ என்று சிவப்பில் வரும். சோதனை சர்வரில், ‘இங்க என்ன கூத்து வேணாலும் அடி’ என்று பச்சையில் வரும். சிமாங்கோ ஓர் அவசரக்குடுக்கை என்பது மச்சானுக்குத் தெரியாதா என்ன?

லாரி கவிழ்ந்து கும்போ போனபோது அவன் மனைவி தோவேரா நிறைமாதம். பெண் குழந்தை பிறந்தது. கணினி வேலையோடு கும்போ காலைதோறும் வானொலியில் சிரிக்கச் சிரிக்கப் பேசிய நிகழ்ச்சிகள் எல்லாம் பெரிய சர்வரில் மட்டும்தான் இருந்தன. தோவேரா சிமாங்கோவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“அண்ணே, அப்பன் மூஞ்சிய இவ போட்டோவுல பாத்துக்குவா. குரல எங்க போயி கேப்பா? அத மட்டும் பத்திரமா எடுத்துக் குடுத்துருங்க.”

தலையை அடகு வைத்தாவது தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆனால் செத்தவன் வைவதைப் பார்த்துக்கொண்டே யாரால் வேலை செய்ய முடியும்? ஒவ்வொரு கட்டளைக்கும் ‘ஆட்டுத்திருடா’ வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் கண் நிறைந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் இரண்டு சர்வரிலும் அந்த வரிகளை எடுத்துவிட்டு, எல்லாக் கணினியிலும் வழக்கமாக வருகிற வெறும் டாலர் குறியை மட்டும் வைத்தான். அப்பாடா என்றிருந்தது. தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டான், பாவி.

குரல்களைத் தோவேராவிடம் கொடுப்பதற்கு முன், சோதனை சர்வரில் ஒரு நகல் போட்டு வைக்க நினைத்தான். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? பெரிய சர்வரில் குரல்கள் இருந்த கோப்புறையின் அதே பெயரில் அங்கேயும் ஒரு கோப்புறை இருந்தது, அதில் பழைய குப்பை அடைத்துக் கிடந்தது. முதலில் அதை அழிக்க வேண்டும். திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன, இரண்டிலும் ஒரே டாலர் குறி. அழிக்கும் கட்டளையைத் தட்டினான். குப்பையை அழிக்க இவ்வளவு நேரமா என்று உற்றுப் பார்த்தபோதுதான் பெரிய சர்வரின் ஜன்னலில் தட்டிவிட்டோம் என்பது புரிந்தது. பதறி நிறுத்துவதற்குள் எல்லாம் அழிந்திருந்தது.

தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கெஞ்சினான். தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஒருவர் வந்து எதை எதையோ செய்து பார்த்தார். சில பாட்டுகள் மீண்டன. கும்போவின் குரலில் ஒரு வார்த்தைகூட மீளவில்லை.

சர்வர் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனான். தோவேராவின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. வரியை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“அவரு எழுதுன வரி இருந்திருந்தா இது நடந்திருக்குமாண்ணே?”

“நடந்திருக்காதும்மா.”

“செத்த பொறகும் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. நீங்கதான் அவரு வாய மூடிட்டீங்க. இவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

அவள் கத்தித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. உள்ளே போய் ந்சிமா என்கிற சோளமாக் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முறையில் வந்தவனைப் பட்டினி போட்டு அனுப்ப அவளுக்கு மனம் வராது. வீட்டுக்கு யார் வந்தாலும் முழங்காலிட்டுக் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள், அன்று ஊற்றவில்லை. செம்பைக் கதவோரம் வைத்துவிட்டுக் குழந்தையோடு வெளியே போய்விட்டாள்.

சிமாங்கோ எழுந்து போய்ச் செம்பை எடுத்துவந்து, தன் கைக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.