கூப்பிடு பெயர்

என் வீட்டுக்காரர் மரியசுந்தரம் என்னைச் செலின் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்? கல்யாணமான புதிதில் 'இந்தா' என்பார். மகள் கிரேஸ் மேரிக்கு ஞானஸ்நானம் ஆனதிலிருந்து நானும் 'கிரேசு' ஆகிவிட்டேன். வெடுக்கென்று கூப்பிட்டால் அவள், இழுத்துக் கூப்பிட்டால் நான். இரண்டு பேருமே தப்பாமல் திரும்புவோம்.

பத்தாவது படித்துக்கொண்டிருந்தவளை எண்பத்திரண்டு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. கூடவே என்னைக் கூப்பிட இருந்த பெயரும் போயிற்று. அதன்பிறகு அவர் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார். வெளியே கிளம்பினால் தொண்டையைச் செருமுவார். பேச்சுத்துணைகூட வேண்டாம், ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

அந்த மனுஷன் பேசியதெல்லாம் லோடரோடுதான். சர்க்கரை ஆலையில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த குட்டை வண்டி. ஓடாது என்று கழித்துப் போட்டதை டிராக்டரில் கட்டி எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்கு இழுத்து வந்து எங்கள் கொல்லையில் நிறுத்தினார். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு லீவர். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றுமாம். ஸ்டியரிங் இல்லாத வண்டிக்குக்கூடத் திரும்பத் தெரிகிறது, இந்த ஆளுக்கு என் பக்கம் முகத்தைத் திருப்பத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வரும். "இன்னாடா, இன்னிக்காச்சும் கெளம்புவியா?" என்று அதைக் கேட்பார். போயும் போயும் ஒரு இரும்பின்மேல் பொறாமைப்பட்டேன்.

கோடை முழுக்க இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார். சக்கரங்களைச் சுற்றவைக்கும் செயின்களை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். ஒரு காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓடியது. சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க வண்டியைக் கட்டைகள்மேல் ஏற்றி வைத்திருந்தார். லீவரைத் தள்ள ஒரு ஆள் வேண்டும். அடுப்படி வாசலில் வந்து நின்று சீட்டைக் கை காட்டினார். அப்போதும் வாய் திறக்கவில்லை. கோபத்தோடுதான் ஏறி உட்கார்ந்தேன்.

கொல்லைச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் குந்திக்கொண்டு கையை ஆட்டினார். இரண்டு லீவரையும் முன்னே தள்ளினேன். நான்கு சக்கரமும் சுற்றின. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்குள் கட்டை நழுவிச் சக்கரங்கள் தரையைத் தொட்டன. வண்டி அவர்மேல் பாய்ந்தது.

"கிரேசு!"

இரண்டு லீவரையும் பின்னுக்கு இழுத்தேன். வண்டி பின்னால் போய் மாட்டுத் தொட்டியில் மோதி அணைந்தது.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட சத்தம் வெடுக்கென்றும் இல்லை, இழுத்தும் இல்லை. உயிர் போகிற நேரத்தில் மகளைக் கூப்பிட்டாரா, என்னைக் கூப்பிட்டாரா, அவருக்கே தெரிந்திருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

"இன்னாங்க?" என்றேன்.